பண்டாரி அறை எந்தப் பக்கம்?

சனிக்கிழமை மாலைகளில் கப்பல் மாதிரி செய்யப் பழகுவதற்காகக் குரோம்பேட்டையில் என் வீட்டு மாடிக்கு வரும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் வந்த கேள்விகளை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தொன்று. அதில் பதினேழு பசையைப் பற்றி. பன்னிரண்டு பெயின்ட் பற்றி. ஒன்பது, முப்பரிமாண அச்சு இயந்திரம் எதை வாங்கலாம் என்று. மீதி மூன்று காலை வணக்கம். செய்யப்போகும் கப்பல் எந்த வருடத்துக் கப்பல் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பத்தொன்பது ஆண்டுகள் நீராவிக் கப்பல்களின் மாதிரிகளை மட்டும் செய்தேன். பாய்மரக் கப்பல் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது விரல் நடுங்குகிறது, விட்டுவிட்டேன். ஆகவே என்னிடம் மிச்சமிருப்பது கோபமும் நாட்குறிப்புகளும்தான்.

நீராவிக் கப்பல் ஒரே மாதிரி இருக்கும் பொருள் இல்லை. கட்டி இறக்கியபோது உயரமாக இருந்த புகைபோக்கியைப் பத்து வருடம் கழித்து வெட்டிக் குட்டையாக்குவார்கள். திறந்திருந்த தளத்தில் அறை கட்டுவார்கள். மரப் படகை எடுத்துவிட்டு இரும்புப் படகு தொங்கவிடுவார்கள். வரைபடத்தில் இருப்பது கப்பல் பிறந்த நாளின் உடம்பு. அது ஓடிய உடம்பு வேறு. மூன்று வேறு வருடங்களின் படங்களைச் சேர்த்து நீங்கள் செய்து முடிக்கும் கப்பல் எந்தக் கடலிலும் ஒரு நாள்கூட மிதந்திருக்காது.

இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேளம்பாக்கத்தில் ஒரு கணினி நிறுவனத்தின் வரவேற்பறைக்காகத் துடுப்புச் சக்கரக் கப்பல் ஒன்று செய்தேன். ஒப்படைக்கும் நாளில் மேலாளர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “சூப்பரா இருக்கு சார். உள்ள ப்ளூ எல்இடி போட்டா இன்னும் தூக்கலா இருக்கும்ல? அப்படியே அந்தப் பைப்ல பஞ்சு வெச்சா ஸ்மோக் எஃபெக்ட் வந்துடும்” என்றார். கப்பல் துறைமுகத்தில் கொதிகலன் அணைந்து நிற்கும் நிலையில் செய்யப்பட்டது, புகை வராது என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பஞ்சு இருந்தது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினால் முடிவே வராது. நான் எழுத உட்கார்ந்தது என் சொந்த முட்டாள்தனத்தைப் பற்றி.

கிழக்குத் தாம்பரத்தில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். டீச்சர் என்றே அவரை அழைத்தேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய அப்பா மலேயாவில் ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். ஐம்பதுகளில் வேலையை விட்டுவிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பினாங்கிலிருந்து சென்னைக்குக் கப்பல் ஏறினார். மகனுக்குப் பதினொரு வயது. மகளுக்கு, அதாவது டீச்சருக்கு, மூன்று. அறை எடுக்கவில்லை, மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம். வழியில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார்” என்றார் டீச்சர், முதல் நாள். “அண்ணன் பக்கத்துல நின்னு பார்த்தவர். இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல. கேட்டா எழுந்து போயிடுவார். இப்ப அவருக்குக் கண்ணும் போயிடுச்சு. கப்பலைக் கையால தடவிப் பார்த்தா ஒருவேளை வாய் திறப்பாரோன்னு ஒரு எண்ணம். எங்கம்மாவுக்குக் கல்லறை கிடையாது சார். எந்த இடம்னாவது எனக்குத் தெரிய வேண்டாமா?”

அந்த வேலை அதற்காகத்தான். அலமாரியில் வைத்து அழகு பார்க்க இல்லை. இதை நான் அன்றே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். எழுதியதை மறந்துவிட்டேன் என்பதுதான் கதை.

ஆதாரமாக அவர் கொடுத்தது ஒரே ஒரு புகைப்படம். கப்பலில் வந்த தோட்டத்துரை ஒருவர் மேல்தளத்தில் வைத்து எடுத்து, இறங்கும்போது நெகட்டிவை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். முதல் பிரதி செல்லரித்துப் போக, தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் அந்த நெகட்டிவிலிருந்து மறுபடி அச்சுப் போட்டு வாங்கி மாட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு இருக்கும் ஒரே படமும் அதுதான். அப்பா, அம்மா, மகன் மூவரும் நிற்கிறார்கள்; மூன்று வயது டீச்சர் படத்தில் இல்லை. பின்னால் புகைபோக்கி. அவர்களுக்கு ஒரு பக்கமாகத் தகர அறை ஒன்று, அதன் கூரையில் சிறு புகைக்குழாய், அதை ஒட்டிக் கீழ்த்தளத்திலிருந்து ஏறி வரும் படி. தளப் பயணிகளுக்குச் சோறு வடிக்கும் சமையலறை அது. கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள், ஆகவே அதற்குப் பண்டாரி அறை என்று பெயர்.

அந்த அறை கப்பலின் வரைபடத்தில் இல்லை! பிற்பாடு கட்டியது. நான் துள்ளிக் குதித்தேன். வரைபடத்தை மட்டும் நம்பும் எவனும் அந்த அறையைக் கோட்டைவிட்டிருப்பான், நான் விடவில்லை என்ற மிதப்பில், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அதன் சுவரில் இருந்த ஆணிகளை எண்ண ஆரம்பித்தேன். படத்தில் கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்தபடி நின்றால் அறை இடது பக்கம் வருகிறது. இடது பக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

டீச்சர் அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து, “அம்மா வலது தோள்ல முந்தானை போட்டிருக்காங்க, பாருங்க சார். மலேயாவுல அப்படித்தான் கட்டுவாங்களோ என்னவோ” என்றார்.

“இருக்கலாம் டீச்சர்” என்றேன். எனக்கு ஆணி எண்ணிக்கை தவறிவிட்டது, எரிச்சல். ஆனாலும் எதையும் எழுதிவைக்கும் பழக்கத்தில் எழுதிவைத்தேன். இப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறது: “முந்தானை வலது தோளில். தேவையில்லாத தகவல்.”

பதினொரு மாத வேலை. தொண்ணூற்றாறில் ஒரு பங்கு அளவில், நாலடிக்குச் சற்றே கூடுதலான நீளம். என் கையிலிருந்து வந்தவற்றில் ஆகச் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். தளத்தின் ஓரக் கம்பிகளை மயிரிழை கனத்தில் பித்தளையில் இழுத்தேன். பண்டாரி அறைச் சுவரில் புகைக்கறைகூட இருந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை அதை டீச்சர் வீட்டு உணவு மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கனடாவில் இருக்கும் மகனிடம் நிரந்தரமாகப் போகிறார், விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அண்ணன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியவர். மேசை முன் நாற்காலியில் அமர்ந்து, புகைபோக்கியைத் தொட்டார், தலையசைத்தார். படகுகளைத் தொட்டார். படியைத் தேடினார். படியில் இரண்டு விரல்களை வைத்து, மனிதன் ஏறுவதைப்போல ஒவ்வொன்றாக ஏற்றி மேலே கொண்டுவந்தார். அங்கே விரல்கள் நின்றன. வலது பக்கம் தடவினார். ஒன்றுமில்லை. இடது பக்கம் தடவினார், அறை தட்டுப்பட்டது.

“இது அந்தக் கப்பல் இல்ல” என்றார்.

“அந்தக் கப்பல்தான் சார்” என்றேன்.

“இல்ல தம்பி. படி ஏறி வந்தா பண்டாரி ரூம் என் வலது கைப்பக்கம் இருக்கும். நீங்க இடது பக்கம் வெச்சிருக்கீங்க.”

“போட்டோல தெளிவா இருக்கு சார், இடது பக்கம்தான். கண்ணாடி வெச்சுப் பார்த்திருக்கேன்.”

“போட்டோவை நீங்க பார்த்தீங்க. அந்தச் சுவரை நான் தொட்டிருக்கேன். எப்பவும் சூடா இருக்கும். ராத்திரி குளிருக்கு வலது கையை அதுல வெச்சுட்டுத்தான் தூங்குவேன்.”

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். “பதினோரு வயசு ஞாபகம் சார். எழுபது வருஷத்துல இடது வலது மாறிப்போறது சகஜம்” என்றேன். கண் தெரியாத ஒரு மனிதரிடம் புகைப்படத்தைக் காட்டி வாதாடிய ஆள் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். “காப்பி கொடும்மா” என்று தங்கையிடம் சொன்னார். டீச்சர் சமையலறைக்குப் போனார். வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. “பரவால்ல சார். நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கோ அவர்கள்மேல்தான் கோபம். பதினொரு மாதம்! ஆணி ஆணியாக எண்ணி! தாம்பரம் நடைமேடையில் ரயிலுக்காக நின்றபடி மனதுக்குள் அண்ணனோடு இன்னும் வாதாடிக்கொண்டிருந்தேன். எதிர் நடைமேடையில் ஒரு நீள பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள், ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் போல, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு அம்மாள் முறைத்த பிறகுதான் எதைப் பார்க்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. அத்தனை பேர் முந்தானையும் இடது தோளில்.

ரயில் வந்தது, நான் ஏறவில்லை. டீச்சருக்குப் போன் செய்தேன்.

“டீச்சர், உங்கம்மா எந்தத் தோள்ல முந்தானை போடுவாங்க?”

“எனக்கு மூணு வயசு சார் அப்ப.”

“அண்ணனைக் கேளுங்க.”

பின்னாலிருந்து அவர் குரல் எனக்கே கேட்டது. “எல்லா பொம்பளைங்களும் போடற தோள்லதான்! போன் பண்ணிக் கேக்கற கேள்வியா இது? யாரு, அந்தக் கப்பல்காரரா?”

ஸ்டூடியோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். படத்தில் இடம் எல்லாம் வலம், வலம் எல்லாம் இடம். எழுத்து ஒன்று இருந்திருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். கப்பல் பெயர் எழுதிய மிதவை வளையம் ஒன்று கம்பியில் தொங்கத்தான் செய்கிறது, எழுத்துள்ள பாதியை அப்பாவின் தோள் மறைத்துவிட்டது. ஆனால் எழுத்து எதற்கு? அந்தப் படத்தில் ஒரு தமிழ்ப் பெண் புடவை கட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறாள். நான் அவளுக்குப் பின்னாலிருந்த ஆணியை எண்ணினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை படத்தைக் கணினியில் திருப்பி, புதிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “வேற யாரோ மாதிரி இருக்காங்க” என்றார். பிறகு, “மச்சம் இந்தக் கன்னத்துலயா? நான் இத்தனை நாள்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மறுபாதியைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நம் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஆளுக்கொரு யோசனை. “அவர் ஊருக்குப் போயிடுவார். அப்புறம் யாருக்குத் தெரியப் போவுது? அப்படியே பெட்டில போட்டுக் கொடுத்துடுங்க” என்றார் ஒருவர். “அறையை மட்டும் பேத்து அந்தப் பக்கம் ஒட்டிடுங்க சார், ஒரு மணி நேர வேலை” என்றார் இன்னொருவர். இப்படிச் சொன்ன இருவரும் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அறையை மட்டும் நகர்த்தினால் கப்பல் பாதி உண்மை, பாதி கண்ணாடிப் பிம்பம் என்று ஆகியிருக்கும். படத்திலிருந்து வந்தவை எவை, வரைபடத்திலிருந்து வந்தவை எவை என்று முதலில் பிரிக்க வேண்டும். இங்கே என் நாட்குறிப்பு ஒன்றே என்னைக் காப்பாற்றியது. ஒவ்வொரு பாகத்துக்கும் நேராக, அதை எதை நம்பிச் செய்தேன் என்று எழுதியிருந்தேன். படத்தை நம்பிச் செய்தவை ஆறு: அறை, அதன் புகைக்குழாய், தண்ணீர்த் தொட்டி, படியின் வாய், ஒரு பெஞ்சு, கூடாரத் துணி கட்டும் கம்பம். ஆறும் இடம் மாற வேண்டும். மாற்றினால் தளப் பலகையில் ஓட்டைகள் விழும், ஆகவே நடுத்தளம் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும்.

கையில் இருந்தது ஒரு வாரம். மரவேலைக்கே சரியாகப் போய்விடும். பெயின்ட் இரண்டு பூச்சு, காய்வதற்கு நாள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நான்கு நாள் பற்றாக்குறை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேலை செய்துகொண்டே இந்தக் கணக்கோடு சண்டை போட்டேன். புதன்கிழமை காலையில்தான் தோன்றியது: விரலுக்குப் பெயின்ட் தெரியுமா?

இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது. நடுத்தளத்தை வண்ணம் பூசாமல் வெறும் மரமாகவே விட்டேன். முன்னும் பின்னும் ஆணி ஆணியாக வண்ணம் தீட்டிய கப்பல், நடுவில் தச்சன் பட்டறையிலிருந்து எழுந்து வந்தது போல. இன்னொன்றும் செய்தேன். மயிரிழைக் கம்பி ஒரு கிழவரின் விரல் பட்டால் மடங்கிவிடும் என்று, வலது ஓரத்தில் மட்டும் நாலு மடங்கு கனமான கம்பி போட்டேன். அளவுப்படி பார்த்தால் அது கம்பி இல்லை, தென்னைமரம். உங்களில் யாராவது அப்படிச் செய்து கொண்டுவந்திருந்தால் மாடியிலிருந்து இறக்கி அனுப்பியிருப்பேன்.

சனிக்கிழமை காலை மீண்டும் அதே மேசை. கூடத்தில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். “மறுபடியும் கப்பலா?” என்றார் அண்ணன். வர மனமில்லை. “கடைசியா ஒரு தடவை அண்ணா” என்று டீச்சர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

புகைபோக்கியைத் தொடவில்லை, படகைத் தொடவில்லை. நேரே படிக்குப் போனார். இரண்டு விரல்கள் ஏறி வந்தன. வலது பக்கம் திரும்பின. சுவர்.

அந்த இரண்டு விரல்களையும் அதன்மேல் பதித்துக்கொண்டார்.

“சூடுதான் இல்ல” என்றார்.

சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் விரல் சுவரை ஒட்டி நகர்ந்தது. “இங்கதான் பாய். இப்படிக் குறுக்கால. அப்பா தலை அந்தப் பக்கம். அம்மாவும் நானும் சுவர் ஓரமா, சூடு வேணும்னு. உன்னை நடுவுல போட்டிருந்தோம். நீ ஒரே அழுகை, தண்ணித் தொட்டியைத் தட்டித் தட்டி விளையாட்டு காட்டுவேன். தொட்டி எங்க... ஆங், இருக்கு.”

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நாலாவது நாள் காலைல அப்பா என்னைக் கீழ போகச் சொன்னார். நான் போகல. படில பாதில நின்னுட்டேன், தலை மட்டும் மேல தெரியற மாதிரி. சடங்கு செய்ய யாரும் கப்பல்ல இல்ல. கேப்டன் ஏதோ இங்கிலீஷ்ல வாசிச்சார். அப்புறம் எஞ்சினை நிறுத்தினாங்க. நாலு நாளா காதுல இருந்த சத்தம் நின்னுபோச்சு. கப்பல்ல அவ்ளோ பேர், ஒரு சத்தம் இல்ல. அதுதாம்மா எனக்குச் சொல்ல வரல. எப்படிச் சொல்றது அதை?”

விரல் பெஞ்சைத் தாண்டி, அந்தத் தடித்த கம்பியைத் தொட்டது. அதைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் பின்பக்கமாகப் போயிற்று. நின்றது. கம்பிக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கப்பலின் வெளிச்சுவர் வழியாகக் கீழே கீழே வந்து மேசைப் பலகையைத் தொட்டது.

“இங்க” என்றார்.

அவர் விரலை எடுத்த பிறகு, அந்த இடத்தில் டீச்சர் தன் உள்ளங்கையை வைத்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் சாக்பீஸ் பிடித்த கையோ, அது மேசையில் அசையாமல் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். சட்டைப் பையில் நாட்குறிப்பு இருந்தது. அன்றைய பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் புறப்பட்டுப் போனார். திங்கட்கிழமை நான் டீச்சருக்குப் போன் செய்து, இனி அவசரமில்லை, கப்பலை வாங்கிப் போய் நடுத்தளத்துக்கு முறையாக வண்ணம் பூசி, கம்பியையும் மாற்றித் தருகிறேன் என்றேன். “தொடக் கூடாது சார்” என்றார். கணக்கு டீச்சர் குரல்.

பெட்டி மட்டும் பாக்கி. பல்லாவரத்தில் கண்ணாடிப் பெட்டி செய்பவர் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். டீச்சர் சொன்னபடி அளவு எழுதிக் கொடுத்தேன். அவர் காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது? கப்பல் ஓரமா கீது, இந்தாண்ட ஒரு சாண் சும்மா வுட்டுகினு. நடுவுல வெச்சாத்தானே பார்க்க நல்லா இருக்கும்?”

“எழுதின மாதிரி செய்ங்க.”

“சரி, செய்யறேன். இந்தப் பக்கத்துக்குக் கண்ணாடி அளவே எழுதலியே நீ?”

“அந்தப் பக்கம் கண்ணாடி வேண்டாம். கை வைக்கற இடம், திறந்தே இருக்கட்டும்.”

“பேஜாரா பூடும் சார். தூசி ஏறும், ஒரே மாசத்துல கப்பல் பாழாயிடும். உனக்குத் தெரியாததா?”

“ஏறட்டும்” என்றேன்.